தூரத்துக் கணக்குப்பிள்ளைகள்



2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. நார்வே நாட்டின் மேற்குக் கரையில் கடல் மலைகளுக்கு நடுவே குறுகலாக உள்ளே புகுந்து வெகுதூரம் நீண்டு கிடக்கும். அன்று காலை ஏழு மணிக்கு மேல் அந்தத் தண்ணீர் தானாக ஏறி இறங்க ஆரம்பித்தது. சில இடங்களில் ஒன்றரை மீட்டர் வரை ஏறியது, வடிந்தது, மறுபடி ஏறியது. கரையில் நின்றவர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு வெளியே கடலடித் தரை நழுவியிருந்தது. அந்த அதிர்வு பூமியின் வழியாக வந்து நார்வேயின் தண்ணீரை ஆட்டிவிட்டது. அது சுனாமி அலை இல்லை. பூமி ஆடியதால் தண்ணீரும் ஆடியது, அவ்வளவுதான்.

கடலடித் தரை நழுவியபோது ஜப்பான் நேரப்படி பிற்பகல் 2:46. நம் கடிகாரத்தில் முற்பகல் 11:16. அளவு 9.0. இறந்தவர்கள் ஏறத்தாழ 15,900 பேர். இன்னும் கிடைக்காதவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். இதையெல்லாம் நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கறுத்த தண்ணீர் வயல்களின் மேல் வீடுகளைத் தள்ளிக்கொண்டு போன காட்சியை மறந்தவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள்.

நான் இன்று பேச வந்தது அங்கே இருந்தவர்களைப் பற்றி அல்ல. அவர்களைப் பற்றிப் பேச அவர்களே இருக்கிறார்கள். தூரத்தில் இருந்து கேட்டவர்கள், பார்த்தவர்கள், பதறியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் விஷயம். நாம் எல்லோருமே என்றாவது ஒரு நாள் அந்த இடத்தில் இருந்தவர்கள்தான்.

ஜப்பானில் கிளம்பிய சுனாமி அலை போன தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலில் மணிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில், ஒரு விமானம் போல அது போகும். பசிபிக் நடுவே மிட்வே தீவில் ஆல்பட்ராஸ் பறவைகளின் குஞ்சுகள் லட்சத்துக்கு மேல் செத்தன. பதினெட்டு மணி நேரம் கழித்து அண்டார்க்டிகாவில் சல்ஸ்பர்கர் பனித்திட்டின் விளிம்பை உடைத்துப் பெரிய பனிமலைகளாகக் கடலில் மிதக்கவிட்டது. கலிபோர்னியாவில் கிளாமத் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அலை வருவதைப் படம் எடுக்கப் போன ஓர் இளைஞரை அடித்துக்கொண்டு போனது. அலை வரப்போகிறது என்று அங்கே பல மணி நேரத்துக்கு முன்பே தெரியும். 1960-இல் சிலி நாட்டு நிலநடுக்கத்தின் அலை ஹவாயின் ஹிலோ நகரத்துக்கு வந்தபோதும் சங்கு ஊதினார்கள்; சங்கு ஊதியும் ஊரை விட்டுப் போகாமல், அலை எப்படி வருகிறது பார்க்கலாம் என்று இருந்தவர்கள் உண்டு. 61 பேர் செத்தார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசை கைபேசி வந்த பிறகு பிறந்தது அல்ல.

வேடிக்கை பார்ப்பதற்கு அடுத்தபடி பயம். ஃபுகுஷிமா அணு உலையில் மார்ச் 12-ஆம் தேதி முதல் வெடிப்பு நடந்தது. 14-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு குறுஞ்செய்தி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. பிபிசி சொன்னதாக ஒரு பொய்: கதிர்வீச்சு மழை வருகிறது, வெளியே போகாதீர்கள், கழுத்தில் பீட்டாடின் தடவிக்கொள்ளுங்கள். மணிலாவில் ஒரு பல்கலைக்கழகமே அதை நம்பி அன்றைக்கு வகுப்புகளை நிறுத்தியது. கழுத்தில் மேலாகத் தடவும் அயோடின் தைராய்டுக்குள் தேவையான அளவு போகாது என்று எந்த மருத்துவரும் சொல்வார். ஆனால் கேட்க யாருக்கு நேரம்?

இரண்டு நாள் கழித்து சீனாவில் உப்புக்கு அடிதடி. அயோடின் கலந்த உப்பைத் தின்றால் கதிர்வீச்சு ஒட்டாது என்றார்கள் சிலர். கடல் கெட்டுவிட்டது, இனி நல்ல உப்பே வராது என்றார்கள் வேறு சிலர். கடைகள் காலி. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தைராய்டைக் காக்க மருத்துவர்கள் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. அதில் அயோடின் மட்டும் 100 மில்லிகிராம் அளவுக்கு. ஒரு கிலோ உப்பில் இருக்கும் அயோடினோ சுமார் முப்பது மில்லிகிராம். அப்படியானால் ஒரு மாத்திரைக்கு ஈடாக மூன்று கிலோவுக்கு மேல் உப்பை ஒரே மூச்சில் தின்ன வேண்டும். கதிர்வீச்சு வருவதற்குள் உப்பே ஆளை முடித்துவிடும். தவிர, சீனர்கள் சாப்பிடும் உப்பில் பெரும்பகுதி கடலில் இருந்து வருவதே இல்லை. சுரங்கத்திலும் கிணற்றிலும் எடுப்பது. சில நாளில் பயம் தணிந்ததும் மூட்டை மூட்டையாக வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைவாசலில் நின்றார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் படித்த மக்கள் மாத்திரைகளையே வாங்கித் தீர்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சீனர்களை மட்டும் பார்த்துச் சிரித்தால் நியாயம் ஆகாது.

இந்தப் பயத்தில் ஜப்பானியர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தூரத்தில் இருப்பவருடைய பதற்றம் சீக்கிரமே தன்னைப் பற்றிய பதற்றமாக மாறிவிடுகிறது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆரம்பிப்போம். நமக்கு என்ன ஆகும் என்று முடிப்போம்.

அதே நாட்களில் வேறு சிலர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தத் தலைப்பு. கணக்குப்பிள்ளைக்கு நம் கதைகளில் நல்ல பெயர் கிடையாது. ஏமாற்றுகிறவர், ஏழையின் நிலத்தை எழுதி வாங்குகிறவர் என்றே வருவார். ஆனால் ஒரு பேரிடரில், தூரத்தில் இருப்பவரால் ஆகக்கூடிய உருப்படியான வேலை கணக்குப்பிள்ளை வேலைதான் என்பது என் கட்சி.

ஹிரோஷிமாவில் ஒரு நடுநிலைப் பள்ளி மாணவன். பூகம்பம் நடந்த இடத்துக்கும் அவன் ஊருக்கும் பல நூறு கிலோமீட்டர். வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது. வடகிழக்கில் மின்சாரம் போய்விட்டது, அங்கே யாராலும் தொலைக்காட்சி பார்க்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. கைபேசியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நிறுத்தி, என்எச்கே ஒளிபரப்பை அப்படியே இணையத்தில் விட்டான். பூகம்பம் நடந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சட்டப்படி பார்த்தால் அது காப்புரிமை மீறல். என்எச்கேயின் மக்கள் தொடர்புப் பிரிவில் ட்விட்டர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் அதைத் தடுக்கவில்லை. மேலிடத்தைக் கேட்காமல், தன் பொறுப்பிலேயே, அந்த இணைப்பை எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். அன்று இரவே நிறுவனம் தன் ஒளிபரப்பை முறைப்படி இணையத்தில் தர ஆரம்பித்தது. பையன் சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. ஓர் இடத்தில் இருந்த தகவலை அது இல்லாத இடத்துக்கு நகர்த்தினான். அவ்வளவுதான் வேலை.

அடுத்தது பெயர்ப் பட்டியல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உச்சத்தில் நாலு லட்சத்து எழுபதாயிரம் பேர் முகாம்களில் இருந்தார்கள். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்கள், ஊர் மண்டபங்கள், கோயில்கள். தொலைபேசி இல்லை. வீட்டை விட்டு ஓடியவர்கள் எந்த முகாமில் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முகாமிலும் யாரோ ஒருவர் காகிதத்தை எடுத்து, இருப்பவர்களின் பெயர்களைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினார். தேடி வருகிறவர்கள் முகாம் முகாமாகப் போய் அந்தச் சுவர்களைப் படித்தார்கள். சுவரில் பெயர் இல்லையென்றால் அடுத்த ஊர். பெட்ரோல் தட்டுப்பாட்டில் அதுவும் எல்லோராலும் முடியாது.

கூகுள் நிறுவனம் ஹைட்டி பூகம்பத்துக்காக 2010-இல் செய்து வைத்திருந்த ஆள்தேடும் ஏற்பாட்டை ஜப்பானுக்காக இரண்டு மணி நேரத்துக்குள் திறந்துவிட்டது. ஆனால் சுவரில் ஒட்டிய காகிதத்தை இணையம் படிக்குமா? அதற்கு ஒரு வழி செய்தார்கள். முகாமுக்குப் போகிறவர்கள் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார்கள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள், பாதிக்கப்படாத ஊர்களிலும் வெளிநாடுகளிலும் உட்கார்ந்துகொண்டு, அந்தப் படங்களைப் பார்த்துப் பெயர் பெயராகத் தட்டச்சு செய்தார்கள். அவசரத்தில் எழுதிய கையெழுத்து. மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படம். ஓரம் மடிந்த காகிதம். இதற்கு மேல் ஜப்பானியப் பெயர்களில் ஒரு சிக்கல்: ஒரே எழுத்தைப் பல விதமாக வாசிக்கலாம். தேடுகிறவர் ஒலியை வைத்துத் தேடினால், எழுத்தாகப் பதிந்த பெயர் அகப்படாது. அதனால் எழுத்தும் வேண்டும், ஒலியும் வேண்டும். ஒருவர் அடித்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். கடைசியில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன.

இந்த வேலையில் வீரம் ஏதும் இல்லை. யாரையும் இடிபாட்டில் இருந்து தூக்கவில்லை. நடுராத்திரியில் ஒரு பெயரின் மூன்றாவது எழுத்து இதுவா அதுவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து தப்பினால் ஒரு தாய்க்கு மகன் கிடைக்க மாட்டான் என்பதால் பார்த்தார்கள். அனுதாபச் செய்திகள் அந்த வாரம் கோடிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அவற்றை நான் குறை சொல்லவில்லை, நானும் எழுதியிருப்பேன். பெயரைத் தட்டச்சு செய்தவரை அவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

கதிர்வீச்சுக் கதையிலும் இப்படி ஒரு கூட்டம் புறப்பட்டது. அந்த வாரம் உலகம் முழுவதும் கதிர்வீச்சு அளக்கும் கைகர் கருவிகள் விற்றுத் தீர்ந்தன. டோக்கியோவிலும் அமெரிக்காவிலும் இருந்த சிலர் சேர்ந்து, கருவி கிடைக்காவிட்டால் நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். சேஃப்காஸ்ட் என்று பெயர். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கருவி; அதைக் காரில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டினார்கள். கருவி தானே அளந்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். எல்லா அளவும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் அளவு வேறாக இருந்தது. உலையைச் சுற்றி வட்டம் போட்டு வெளியேறச் சொன்ன முறைக்கும், கதிர்வீச்சு உண்மையில் விழுந்த இடத்துக்கும் பொருத்தம் இல்லை. நமியே என்ற ஊரின் மக்கள் உலைக்குப் பக்கத்தில் இருந்து தப்பி, அதே ஊரைச் சேர்ந்த ட்சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். காற்று கொண்டுபோன கதிர்வீச்சு அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. அரசாங்கத்திடம் காற்றுப் போக்கைக் கணிக்கும் ஏற்பாடு இருந்தது. கணிப்பு அந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை.

இந்தக் கணக்குப்பிள்ளை மரபு எவ்வளவு பழையது என்று காட்ட முன்னூறு ஆண்டு பின்னால் போகிறேன். 1700 ஜனவரி இறுதி. ஜப்பானின் கிழக்குக் கரையில் ஊர் ஊராகக் கடல் பொங்கியது. பூகம்பம் எதுவும் இல்லை. மியாகோ அருகே குவாகசாக்கி என்ற மீனவர் ஊரில் வீடுகள் அடித்துப் போயின; கூடவே தீயும் பிடித்து மேலும் வீடுகள் எரிந்தன. அதிகாரிகள் வீடிழந்தவர்களுக்கு அரிசி அளந்தார்கள், அளந்ததை எழுதி வைத்தார்கள். நகாமினாதோ துறையில் அரிசி ஏற்றி வந்த படகு ஒன்று பொங்கும் கடலால் உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்றது. பிறகு புயலில் அழிந்தது. அரிசி போன கணக்கைச் சொல்ல வேண்டுமே, அதனால் அதுவும் எழுத்தில் ஏறியது. மிஹோ என்ற ஊரின் தலைவர், நிலம் ஆடாமல் கடல் மட்டும் இப்படி ஏறுவது என்ன அதிசயம் என்று குழம்பி, மக்களை மேட்டுக்கு அனுப்பியதைக் குறித்து வைத்தார்.

அந்தக் குழப்பத்துக்கு விடை 1990-களில்தான் கிடைத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் கரையில், உப்புத் தண்ணீரில் நின்றபடியே செத்த தேவதாரு மரங்களின் காடு ஒன்று உண்டு. நிலம் திடீரென்று தாழ்ந்து கடல் உள்ளே வந்ததால் செத்த மரங்கள். வளையங்களை எண்ணிப் பார்த்தால் 1699 கோடைக்குப் பிறகு, 1700 இளவேனிலுக்கு முன் உயிர் போயிருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் கெஞ்சி சடாகே குழுவினர் 1996-இல் பழைய ஏடுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். அலை பசிபிக்கைத் தாண்ட ஆகும் நேரத்தைக் கழித்தார்கள். விடை: 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி அளவில், வட அமெரிக்கக் கரையில் 9 அளவிலான நிலநடுக்கம். அங்கே அந்த இரவைத் தலைமுறை தலைமுறையாகக் கதையாகச் சொல்லிவந்த பழங்குடி மக்கள் உண்டு. தேதி எழுதி வைக்க ஏடு இல்லை. தேதி கிடைத்தது கடலுக்கு அக்கரையில், அரிசிக் கணக்கில். சியாட்டில், போர்ட்லாண்ட் போன்ற நகரங்களில் இன்று கட்டடம் கட்டுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆபத்துக்கு அந்தக் கணக்கேடுகளும் சாட்சி.

நம் கரையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26. சுமத்ரா நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6:28-க்கு. புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். அலை வருகிறது, ஓடுங்கள் என்றார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அறிவு மையம் இருந்தது. கடலில் இன்று அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று தினமும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற மையம். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து, அந்த ஒலிபெருக்கியிலேயே ஊரை எழுப்பினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். சிங்கப்பூர்த் தம்பியை எல்லோரும் பாராட்டுகிறோம், சரிதான். தினம் தினம் யாருக்கும் சுவாரஸ்யம் இல்லாத அலைக் கணக்கை வாசித்து, அந்த ஒலிபெருக்கிக்கு ஊரின் காதைப் பழக்கி வைத்தவர்களையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

கணக்கு காப்பாற்றும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் பாதி உண்மை பேசியவன் ஆவேன். மியாகி மாநிலத்தில் மினாமிசன்ரிக்கு என்று ஓர் ஊர். 1960-இல் சிலியில் 9.5 அளவில் நிலநடுக்கம். அலை 17,000 கிலோமீட்டர் கடந்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து இந்த ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஊர் அதை மறக்கவில்லை. அந்த அலையின் உயரத்தைக் கணக்கில் வைத்து ஐந்தரை மீட்டருக்குச் சுவர் கட்டியது. ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தியது. 1991-இல் சிலியின் நட்புக்கு அடையாளமாக, ‘மோவாய்’ எனப்படும் கல்முகச் சிலை ஒன்றும் அங்கே வந்தது. இதைவிடப் பொறுப்பாக ஒரு ஊர் இருக்க முடியாது.

2011-இல் முதல் எச்சரிக்கை மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. மியாகிக்கு ஆறு மீட்டர் என்றது. ஆறு மீட்டர் அலை, ஐந்தரை மீட்டர் சுவர். கேட்டவர் மனதில் என்ன கழித்தல் ஓடியிருக்கும்? நிலநடுக்கத்தின் அளவையே முதலில் 7.9 என்று குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள், அதனால் வந்த ஆறு அது. அரை மணி நேரத்துக்குள் பத்து மீட்டருக்கு மேல் என்று திருத்தினார்கள். பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது, திருத்தம் போய்ச் சேரவில்லை. ஊருக்குள் அலை பதினைந்து மீட்டரைத் தாண்டியது. பேரிடர்த் தடுப்புக்கு என்றே கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தின் கூரைக்கு மேலே தண்ணீர் போனது. கூரையில் ஏறி நின்ற ஊழியர்களில் மிஞ்சியவர்கள் சிலரே. இதற்குப் பிறகு ஜப்பான் வானிலை முகமை முறையை மாற்றியது. 2013 முதல், நிலநடுக்கம் மிகப் பெரியது என்று தெரிந்தால் முதல் அறிவிப்பில் மீட்டர் எண்ணே சொல்வதில்லை. மிகப் பெரிய அலை, ஓடுங்கள் என்று மட்டும். எண் தெரியாதபோது எண் சொல்லாமல் இருப்பதும் கணக்குப்பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

கூடங்குளம் அருகே உள்ள இடிந்தகரையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த அவையில் பாதிப் பேர் என்னை விட மாட்டீர்கள். ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஊர் மீனவர்கள், அதே 2011-இல் கூடங்குளம் உலைக்கு எதிராகத் திரண்டார்கள். தூரத்து விபத்துக்கு உள்ளூர்க்காரர்கள் காட்டும் வீண் பீதி என்று அன்று பலர் எழுதினார்கள். பீதியடைந்தவர் உப்பு வாங்குவார். இவர்கள் தரப்பில் தகவல் உரிமைச் சட்டப்படி உலையின் இட ஆய்வறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் கேட்டார்கள். 2012-இல் மத்தியத் தகவல் ஆணையம் அவற்றை வெளியிடச் சொல்லி உத்தரவும் போட்டது. உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கட்டும். காகிதத்தைக் காட்டு என்று கேட்டவரைப் பீதியடைந்தவர் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. மினாமிசன்ரிக்கு, ஒனகாவா, ரிக்குசென்தகாத்தா, ஓட்சுச்சி ஆகிய நான்கு ஊர்களில் நகராட்சி அலுவலகங்களோடு குடும்பப் பதிவேடுகளும் போய்விட்டன. ஜப்பானில் பிறப்பு, திருமணம், இறப்பு, வாரிசு எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான். அது இல்லாமல் இறந்தவருக்கு இறப்புப் பதிவு இல்லை, உயிரோடு இருப்பவருக்கு உதவித்தொகை இல்லை. உலகம் கொட்டிக் கொடுத்த நன்கொடை செஞ்சிலுவைச் சங்கத்திடம் குவிந்து கிடந்தது. யாருக்கு என்ன உறவு, எந்த வீடு போயிற்று என்று சொல்ல ஊரில் ஏடும் இல்லை, ஆளும் இல்லை. ஓட்சுச்சியில் மேயரே இறந்துவிட்டார். ரிக்குசென்தகாத்தாவில் நகராட்சி ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் போய்விட்டார். நல்லவேளையாகப் பதிவேட்டின் நகலை வேறு ஊரில் உள்ள சட்ட அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த நகல்களில் இருந்துதான் மறுபடி எழுதினார்கள்.

எழுத ஆள் வேண்டுமே. ஐநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த நகோயா நகரம், ரிக்குசென்தகாத்தாவை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. கம்பளியும் உணவும் எல்லோரும் அனுப்பினார்கள். நகோயா அதோடு நிற்காமல் தன் அலுவலகத்துக் குமாஸ்தாக்களை அனுப்பியது. ஏப்ரலில் இருந்து அவர்கள் முறை வைத்து வந்து, தற்காலிகக் கொட்டகையில் மேசை போட்டு, வரி, குடியிருப்புச் சான்று, நலத்திட்ட மனு என்று எல்லாக் கவுண்டரிலும் உட்கார்ந்தார்கள். ஊருக்குப் புதியவர்கள், தெருப் பெயர்கூடத் தெரியாது. தெருவே இல்லாதபோது அது ஒரு குறையாக இருந்திருக்காது. மனுவை வாங்கி, பெயரைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். இந்த ஏற்பாடு சில வாரத்தில் முடியவில்லை; ஆண்டுக்கணக்கில் நடந்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கூடங்குளம் பற்றிய கேள்விகளை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்வோம்.